கோப்பி மட்டுமில்ல, காலும் கோசோங் ஆகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வயசானவங்க உடம்பைப் பாத்துக்குறது பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல "தினமும் முக்கால் மணி நேரம் நடந்தாலே போதும், வேற எதுவும் தேவையில்ல" அப்படின்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கல. வயசானா தசை கரையும், அதுக்கு நடை மட்டும் போதாது, தைச்சிங்குற சீனப் பயிற்சி எனக்கு எப்படி உதவுச்சுன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன்னா அந்த வரியை நம்பி பதினோரு வருஷம் நடந்தவன் நான். எனக்கு இப்போ 71 வயசு. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். ரிட்டயர் ஆன மறுநாள்லேர்ந்து தோ பாயோவுல காலையில நடைதான், மழை பெஞ்சா எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழயே சுத்திச் சுத்தி நடப்பேன். கையில கட்டியிருக்குற வாட்ச்ல பத்தாயிரம் அடி காட்டாம வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன், அந்தக் கணக்குக்கு அரசாங்கத்துல கொடுத்த வவுச்சரை வாங்கி என் பேத்திக்கு ஸ்கூல் பேக் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கேன்னா பாத்துக்குங்க.

அப்படிப்பட்டவன் போன வருஷம் கோயில்ல தரையில உக்காந்துட்டு எழுந்திரிக்க முடியாம போனேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திர அபிஷேகம். கால் மடக்கி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், தீபாராதனைக்கு மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்தாங்க, நானும் எழ பாத்தேன், தொடை வேலை செய்யல. வலி இல்ல, மரத்துப் போகல, சும்மா பலமே இல்ல, ஏதோ அந்தக் கால் என்னோடது இல்லாத மாதிரி. தூண் ரெண்டடி தள்ளி இருந்துச்சு, அதுவரைக்கும் தேய்ச்சுக்கிட்டே போய் தூணைக் கட்டிப் புடிச்சும் முடியல. பின்னாடி நின்ன ஒரு பையன் என் ரெண்டு அக்குள்லயும் கையைக் கொடுத்து மூட்டை தூக்குற மாதிரி தூக்கி நிறுத்தினான். "மெதுவா தாத்தா"ன்னு சொன்னான். துறைமுகத்துல என்னை யாரும் தாத்தான்னு கூப்பிட்டதில்ல. தீபத்தை ஒத்திக்கிட்டேனா இல்லையான்னு கூட ஞாபகம் இல்ல, அவ்வளவு வெக்கம்.

அப்புறம் வழக்கமா போற கிளினிக்ல சொன்னேன். பேர் வேணாம், எந்த கிளினிக்னும் வேணாம். அங்க இருந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே "வயசாச்சுல்ல அங்கிள், அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி சுகர் மாத்திரையை மட்டும் புதுப்பிச்சுக் கொடுத்தாங்க. எனக்கு 18 வருஷமா சுகர். சுகருக்குக் கண்ணைப் பாக்குறாங்க, பாதத்தைப் பாக்குறாங்க, கிட்னியைப் பாக்குறாங்க, தொடையை யாரும் பாக்கல. மருமகப் பொண்ணு விடாம வேற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனதாலதான் விஷயம் வெளிய வந்துச்சு.

அங்க பிசியோதெரபி பண்ற ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுதான் இருக்கும், மூணே மூணு சோதனை வெச்சுது. கையில ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து முழு பலத்தோட அமுக்கச் சொன்னுச்சு, 23 கிலோ காட்டுச்சு. 2019ல ஆசிய நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவுப்படி ஆம்பளைக்கு 28 கிலோவுக்குக் குறைஞ்சா பலக்குறைவு, பொம்பளைங்களுக்கு 18. அப்புறம் கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எழுந்து எழுந்து உக்காரணும், 12 செகண்டுக்குள்ள முடிச்சிருக்கணும், நான் 17 எடுத்தேன், அதுலயும் நாலாவது தடவை கைய எடுத்து முட்டி மேல வெச்சுட்டேன். கடைசியா ஒரு டெய்லர் டேப்பால கெண்டைக்காலை அளந்துச்சு. 31 சென்டிமீட்டர். ஆம்பளைக்கு 34க்குக் கீழ இருந்தா யோசிக்கணுமாம், பொம்பளைங்களுக்கு 33. அதுக்கப்புறம் தசை அளவு எடுக்குற மெஷின்லயும் ஏத்தி நிறுத்திப் பாத்துட்டுத்தான் பேரைச் சொன்னாங்க, சார்கோபீனியா. வயசாக ஆக தசை கரையுறதுக்கு 1989ல ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் வெச்ச பேரு, கிரேக்க மொழியில சதை இழப்புன்னு அர்த்தமாம். இது ஒண்ணும் அபூர்வமான வியாதி இல்ல. இங்க சிங்கப்பூர்ல நம்ம ஈசூன் பேட்டையிலயே நடந்த ஒரு ஆய்வுல 60 வயசு தாண்டினவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க முழுப்பக்கத்துல இந்தப் பேரே வரல, அதான் என் முதல் குறை.

இதுல மோசம் என்னன்னா எடை மெஷின் காட்டிக் கொடுக்காது. எனக்கு அஞ்சு வருஷமா 64 கிலோதான். தசை போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்துக்கும், மொத்தக் கணக்கு அப்படியே இருக்கும், நாமளும் "நான் ஸ்லிம்மாத்தான் இருக்கேன்"னு நெனச்சுக்கிட்டு இருப்போம். நம்ம இந்திய உடம்புக்கு இது கூடுதலாவே இருக்காம், ஆள் பாக்க ஒல்லியா இருப்பாரு, வயித்துக்குள்ள கொழுப்பு, கை கால்ல சதை கம்மி. அதோட சுகரும் சேர்ந்தா தசை இன்னும் சீக்கிரம் போகும். தசைதான் ரத்தத்துல இருக்குற சர்க்கரையை அதிகமா உள்ள இழுத்துக்குற இடம், அதனால தசை குறைஞ்சா சுகரும் ஏறும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டுக்கிட்டே போகும்.

சரி, பத்தாயிரம் அடி நடந்தவனுக்கு எப்படி வந்துச்சு? நான் சண்டை போடாத குறையா கேட்டேன். பிசியோ பொண்ணு பொறுமையா விளக்குச்சு. தசையில ரெண்டு மாதிரி நார் இருக்காம். ஒண்ணு மெதுவா, களைக்காம ஓடிக்கிட்டே இருக்குறது, அது நடக்கவும் நிக்கவும். இன்னொண்ணு சட்டுனு முழு பலத்தையும் கொடுக்குறது, நாற்காலியில இருந்து எழ, படி ஏற, கால் தடுக்கினா அடுத்த காலை டக்குனு முன்னாடி வெச்சு விழாம நிக்க. வயசானா ரெண்டாவது மாதிரிதான் முதல்ல சுருங்குது. சமதரையில நடக்கும்போது முட்டி ரொம்ப மடங்குறதே இல்ல, தொடைக்கு பெருசா பாரமே வராது, அதனால அந்த ரெண்டாவது மாதிரி நாருக்கு நடையில பெருசா வேலையே இல்ல. இருதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, மனசுக்கு நல்லது, நடக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா கோயில் தரையில இருந்து எழுப்பி விடுறது நடையோட வேலை இல்ல.

நடையே கூட மெதுவாயிட்டுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரோடு தாண்டுற இடத்துல வயசானவங்களுக்குக் கொடுக்குற சீனியர் கார்டைத் தட்டினா சிக்னல்ல பச்சை மனுஷன் மூணு செகண்டுலேர்ந்து பதிமூணு செகண்டு வரைக்கும் கூட நிப்பான், உங்களுக்குத் தெரியும். நான் கார்டு வாங்கி ரொம்ப வருஷம் அதைத் தட்டினதே இல்ல, கௌரவம். போன வருஷம்தான் கவனிச்சேன், நான் எனக்கே தெரியாம தட்ட ஆரம்பிச்சிருக்கேன். செகண்டுக்கு ஒரு மீட்டருக்குக் கீழ போனா மெதுவான நடைன்னு அந்த ஆசிய அளவு சொல்லுது. பத்தாயிரம் அடிங்குற கணக்குல எவ்வளவு வேகம்னு வாட்ச் எங்க சொல்லுச்சு.

அவங்க சொன்ன வைத்தியம் மருந்து இல்ல. இதுக்குன்னு ஒரு மாத்திரையும் இல்லையாம். வாரத்துல ரெண்டு மூணு நாள் பாரம் வெச்ச பயிற்சி, கூட பேலன்ஸ் பயிற்சி, புரதம் கூடுதலா, அவ்வளவுதான். ஜிம்முன்னதும் நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன், ஆனா போகல. கண்ணாடி சுவர், பாட்டுச் சத்தம், சின்னப் பசங்க பனியனோட நிக்கிற இடத்துல நான் போய் என்ன பண்ண. ரப்பர் பேண்டு ஒண்ணு கொடுத்தாங்க, ரெண்டு வாரம் இழுத்தேன், அப்புறம் பூஜை அறைக் கதவுல தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. தனியா பண்ற எந்தப் பயிற்சியும் என்னை மாதிரி ஆளுக்கு ஒட்டாது.

அப்போதான் பிசியோ கேட்டுச்சு, "உங்க புளோக்குக்குக் கீழ தைச்சி நடக்குதா அங்கிள்?"

நடக்குது. இருபத்தி ரெண்டு வருஷமா நான் பாத்துக்கிட்டே தாண்டிப் போறேன். காலையில ஆறே முக்காலுக்கு சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கரை வெச்சு, பதினஞ்சு இருபது பேர், எல்லாம் சீன ஆண்ட்டி அங்கிளுங்க, தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி கையைக் காலை ஆட்டிக்கிட்டு நிப்பாங்க. மலாய்க்கார மாமி ஒருத்தங்க கூட ரெண்டு வருஷமா வர்றாங்க. நம்ம ஆளு ஒருத்தர் கூட இல்ல, எங்க புளோக்குல தமிழ்க் குடும்பம் ஏழெட்டு இருக்கு. கேட்டா அது சீனவங்க சமாச்சாரம்பாங்க, மொழி புரியாதும்பாங்க, அதெல்லாம் ஒரு எக்சர்சைஸாம்பாங்க. மூணாவதை நானே சொல்லியிருக்கேன். காத்துல மாவு பெசையுறாங்கன்னு கிண்டல் பண்ணிருக்கேன்.

முதல் நாள் கடைசி வரிசையில ஒரு தூண் பக்கமாப் போய் நின்னேன், கோயில்ல பட்ட அனுபவம் தூணை விட்டுத் தள்ளி நிக்க விடல. சொல்லித்தர்ற அம்மாவுக்கு 78 வயசு, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, எல்லாரும் கூப்பிடுற மாதிரி லாவ்ஷின்னே சொல்றேன், டீச்சர்னு அர்த்தம். அவங்களுக்கு இங்லீஷ் அவ்வளவு வராது, எனக்கு மாண்டரின் சுத்தமா வராது. ஆனா எங்க தலைமுறைக்கு ஒரு சௌகரியம் இருக்கு பாருங்க, பாசார் மலாய், அதாவது சந்தையில எல்லா இனமும் பேசிக்கிற எளிய மலாய். "பெலான் பெலான் லா அங்கிள், தாக்குட் அப்பா"ன்னாங்க, மெதுவா பண்ணு, என்னத்துக்குப் பயம்னு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி துறைமுகத்துல சீனத் தொழிலாளிங்க கூட பேசின அதே பாஷை, இப்போ என் பேரப்பிள்ளைங்களுக்கு அது தெரியவே தெரியாது.

தைச்சியோட மொத்த சூட்சுமத்தையும் அந்தம்மா ஒரே வரியில சொல்லிக் கொடுத்தாங்க. "இனி காக்கி கோசோங், இத்து காக்கி பெனு." இந்தக் கால் காலி, அந்தக் கால் நெறைய. கோப்பிக்கடையில பாலும் சர்க்கரையும் இல்லாம கோப்பி ஓ கோசோங் கேக்குறோமே அதே கோசோங்தான், ஒண்ணும் இல்லாததுன்னு அர்த்தம். உடம்பு பாரம் முழுக்க ஒரு கால்ல இருக்கணும், அது முட்டி கொஞ்சம் மடங்கி நிக்கணும், அடுத்த கால் காலியா, பூனை மாதிரி தரையைத் தொட்டுப் பாத்து வைக்கணும், அப்புறம் தண்ணியை ஒரு தம்ளர்ல இருந்து இன்னொரு தம்ளருக்கு ஊத்துற மாதிரி பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். எந்த நேரமும் முட்டியை முழுசா நீட்ட விட மாட்டாங்க. எழும்பி எழும்பி இறங்கக் கூடாது, தலை மேல ஒரு கிண்ணம் தண்ணி இருக்குற மாதிரி ஒரே மட்டத்துல போகணும்.

கேக்க சுலபமா இருக்குல்ல? மேகக் கைன்னு ஒரு அசைவு இருக்கு, யுன் ஷோம்பாங்க. கை ரெண்டும் முகத்துக்கு முன்னாடி மாறி மாறி மேகம் போற மாதிரி போகும், வேடிக்கை பாக்குறவன் கண்ணு கையிலதான் இருக்கும், ஆனா வேலை முழுக்க கீழ, பக்கவாட்டுல நண்டு மாதிரி ஒவ்வொரு அடியா நகர்ந்துக்கிட்டே இருக்கணும். மூணாவது அடியிலயே என் வலது தொடை தையல் மெஷின் மாதிரி நடுங்க ஆரம்பிச்சுது. பக்கத்துல 80 வயசு பாட்டி ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே பண்றாங்க. ஏழு மணிக்குள்ள என் சட்டை நனைஞ்சு போச்சு, ஒரு அடி கூட வேகமா வைக்காமலே. அந்த நடுக்கம் வந்தப்போதான் எனக்குப் புரிஞ்சுது, பதினோரு வருஷ நடையில ஒரு நாள் கூட இந்தத் தசைக்கு இப்படி வேலை கொடுத்ததில்ல.

எங்க குரூப்புல பண்றது யாங் பாணியில 24 அசைவு. பழைய பாணியில நூறுக்கும் மேல அசைவு உண்டாம், அதையெல்லாம் ஜனங்க ஞாபகம் வெச்சுக்க முடியாதுன்னு 1956ல சீன அரசாங்கத்தோட விளையாட்டுத் துறை வல்லுநர்களை வெச்சு சுருக்கிக் கொடுத்தது இது, அஞ்சாறு நிமிஷத்துல முடிஞ்சுடும். ஹெனான் மாநிலத்துல சென் குடும்பத்தோட கிராமத்துல இருந்து வந்த சண்டைக் கலைதான் இதுக்கு மூலம், யாங் லூச்சான்னு ஒருத்தர் அங்க போய் கத்துக்கிட்டு வந்து 19ம் நூற்றாண்டுல பெய்ஜிங்ல பரப்பினதுதான் யாங் பாணி. அதனால ஒவ்வொரு அசைவும் ஒரு அடியோ தடுப்போதான். பேரெல்லாம் அழகா இருக்கும், வெள்ளைக் கொக்கு சிறகு விரிக்குது, காட்டுக் குதிரையோட பிடரியைக் கோதி விடுறது, குரங்கைத் தள்ளிவிட்டு பின்னாடி போறது, பொன் சேவல் ஒத்தைக் கால்ல நிக்குது. சேவலுக்கு மட்டும் நான் இன்னும் தூணைத் தொட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். பின்னாடி போற குரங்கு அசைவு இருக்கே, அதுதான் வயசானவங்களுக்கு ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன், வீட்டுல ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துட்டு பின்னாடி நகரும்போது விழுந்துடலாம் இல்லையா.

இதைச் சொன்னா ஒருத்தர் கேட்டாரு, "நம்மகிட்ட யோகா இருக்கும்போது இதுக்கு ஏன் போறே?" யோகா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா முதல்ல தரையில விரிப்பைப் போடுன்னு சொல்ற வகுப்புக்கு, தரையில இருந்து எழ முடியாதவன் எப்படிப் போவான்? தைச்சி ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரை நின்னுக்கிட்டே, செருப்பு ஷூவோட, எங்க வேணும்னாலும். எங்க தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் சிலம்பம் சுத்தினவரு, அவர் காலடி வைக்கிறதைச் சின்ன வயசுல பாத்திருக்கேன், முட்டி மடங்கி, பாரம் மாறி மாறி, பாதத்தைத் தடவி வைக்கிறது, அப்படியே இதேதான். அதனால அந்நியக் கலைன்னு எல்லாம் எனக்குத் தோணல.

இப்போ ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னும் சொல்லணும், இல்லன்னா வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி ஆயிடும். என் மகன் நெட்ல எடுத்துப் படிச்சுக் காட்டினான். அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல, விழுற அபாயம் இருந்த 70 வயசு தாண்டின 670 பேரை மூணு குழுவாப் பிரிச்சு 24 வாரம், வாரம் ரெண்டு நாள் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்காங்க, 2018ல வெளிவந்துச்சு. பேலன்ஸுக்குன்னு மாத்தி அமைச்ச தைச்சி பண்ணவங்க வெறும் ஸ்ட்ரெட்சிங் பண்ணவங்களை விட 58 சதவீதம் கம்மியா விழுந்திருக்காங்க, நடை, பாரம், பேலன்ஸ் எல்லாம் கலந்த பயிற்சி பண்ணவங்களை விடவும் 31 சதவீதம் கம்மி. கீழ விழறது நம்ம வயசுல சின்ன விஷயம் இல்ல, இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்தா படுக்கையில கெடக்குற ஒவ்வொரு நாளும் மிச்சம் இருக்குற தசையும் போயிடும்.

ஆனா தைச்சி பண்ணா தசை முறுக்கேறி வளரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எழுந்து உக்காருற வேகம், பேலன்ஸ், நடை இதெல்லாம் நல்லாவே முன்னேறுது, தசையோட அளவும் கைப்பிடி பலமும் கூடும்னு அவ்வளவு உறுதியா சொல்ல முடியல. காரணமும் நேரானதுதான், கையில எடை எதுவும் தூக்குறதில்ல, அசைவும் மெதுவானது, அந்த வேகமான நாரு முழுசா முழிச்சுக்காது. அதனால பிசியோ பொண்ணு சொன்னது, தைச்சியை விடாதீங்க, ஆனா வாரத்துல ரெண்டு நாள் பாரமும் சேர்த்துக்குங்க. இப்போ பூஜை அறைக் கதவுல தொங்கின ரப்பர் பேண்டை மறுபடி எடுத்திருக்கேன், தைச்சி முடிஞ்சதும் அங்கயே கல் ஸ்டூல்ல பத்து பத்து தடவையா எழுந்து உக்காருறேன், அதுல எழும்போது மட்டும் வேகமா எழணும். சுகர் குணமாகும், பிரஷர் மாத்திரையைத் தூக்கி எறியலாம்னு எல்லாம் சில பேர் அளந்து விடுறாங்க, தயவு செஞ்சு அதையெல்லாம் பேப்பர்ல போட்டுடாதீங்க.

முட்டி வலிக்காரங்க பயப்படுவாங்க. என் சம்சாரம் அதைச் சொல்லித்தான் வரவே மாட்டேன்னு இருந்தா. முட்டித் தேய்மானம் உள்ளவங்களுக்கு தைச்சியும் வழக்கமான பிசியோவும் ஏறக்குறைய ஒரே மாதிரி பலன் தந்துச்சுன்னு 2016ல ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கு, அமெரிக்க மூட்டு வைத்தியர்கள் சங்கம் 2019ல முட்டித் தேய்மானத்துக்கு இதை உறுதியாவே சிபாரிசு பண்ணிருக்கு. ஆனா சரியா நிக்கணும். முட்டி கால் விரல் நுனியைத் தாண்டி முன்ன போகக்கூடாது, பாதம் எந்தப் பக்கம் பாக்குதோ முட்டியும் அந்தப் பக்கமே பாக்கணும், பாரம் இருக்குற காலை அப்படியே தரையில வெச்சுத் திருகவே கூடாது. கீழ குனிஞ்சு பண்ணாத்தான் கெத்துன்னு டிவியில பாத்த மாதிரி இறங்கினா முட்டி போயிடும், கொஞ்சமா மடங்கினாலே போதும். லாவ்ஷி எங்க குரூப்புல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெச்சே இருப்பாங்க, அதோட முதுகைப் புடிச்சுக்கிட்டுத்தான் என் சம்சாரம் இப்போ பண்றா. அவளோட உண்மையான பிரச்சனை முட்டி இல்ல, சேலையோட எப்படி, நாலு பேர் பாப்பாங்களேன்னுதான். இப்போ சுரிதார் போட்டுக்கிட்டு வர்றா, முதல் ஒரு வாரம் என் பின்னாடி ஒளிஞ்சு நின்னா.

சாப்பாட்டையும் சொல்லிடறேன், பாதி வேலை அங்கதான். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினம் ஒண்ணுலேர்ந்து 1.2 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு சொல்றாங்க, என் 64 கிலோவுக்கு 64லேர்ந்து 77 கிராம் வரைக்கும். நான் என்ன சாப்பிட்டேன்னு எழுதிப் பாத்தா சிரிப்பு வருது. காலையில நாலு இட்லி சட்னி, மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு துண்டு மீன், ராத்திரி ரெண்டு தோசை. பாதி கூட வரல, அதுலயும் காலையில இட்லியில ஏழெட்டு கிராம் இருந்தாப் பெருசு. இப்போ காலையில ரெண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், மத்தியானம் மீன் ரெண்டு துண்டு. வெள்ளிக்கிழமை, புரட்டாசி மாசம் எல்லாம் சைவம்னா கஷ்டம்தான், ஆனா இங்க தவ்குவாங்குற கெட்டி சோயாக் கட்டி இருக்கே, புளிக்க வெச்ச சோயா தெம்பே இருக்கே, ஈரச்சந்தையில மலிவா கிடைக்குதே, சாம்பார்ல வெங்காயம் போடுற மாதிரி வெட்டிப் போட்டா பேரப்பிள்ளைங்களும் சாப்பிடுது. கிட்னி பிரச்சனை உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம இதுல கை வைக்க வேணாம், சுகர்க்காரங்கள்ல அப்படி நிறைய பேர் இருக்கோம்.

நான் கேக்குறது ஒண்ணுதான். 2030ல இந்த நாட்டுக் குடிமக்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர் 65 தாண்டியிருப்பாங்கன்னு அரசாங்கமே சொல்லுது, ஒவ்வொரு பேட்டையிலயும் மூத்தோர் நிலையம் வந்துருச்சு, தைச்சி வகுப்பு நிறைய இடத்துல இலவசமாவே நடக்குது. நம்ம ஆளுங்க மட்டும் வெளிய நின்னு வேடிக்கை பாக்குறோம். நம்ம அமைப்புகள் முதியோருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் டூர், தீபாவளிக்கு அன்பளிப்புப் பை எல்லாம் நல்லாவே பண்றாங்க, அதோட வாரம் ரெண்டு நாள் கோயில் மண்டபம் காலியா இருக்குற காலை நேரத்துல ஒரு தைச்சி வகுப்பு வெச்சு, பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்ல ஒருத்தரைப் போட்டா என்ன? மண்டபத்துல நாற்காலி இருக்கு, தூணும் இருக்கு. சோதனைக்கு ஒரு நாற்காலியும் கைபேசியில ஒரு ஸ்டாப்வாட்ச்சும் போதும். உங்க பேப்பர்ல அடுத்த தடவை முதியோர் பக்கம் போடும்போது அந்த அஞ்சு தடவை எழுந்து உக்காருற சோதனையை ஒரு மூலையில படம் போட்டுப் போடுங்க, வீட்டுக்கு வீடு தாத்தா பாட்டிங்க செஞ்சு பாப்பாங்க, பேரப்பிள்ளைங்க டைம் எடுக்கும்.

பத்து மாசம் கழிச்சு போன மாசம் எனக்கு மறுபடி அளந்தாங்க. நாற்காலி சோதனை 17ல இருந்து 12.4 ஆயிருக்கு, இன்னும் கோட்டைத் தாண்டல. கைப்பிடி 23ல இருந்து 24, அது பெருசா இல்ல. கெண்டைக்கால் அதே 31. பச்சை மனுஷனுக்கு கார்டு தட்டுறதை விட்டுட்டேன், மழை நாள்ல மட்டும் தட்டுறேன். கோயில்ல இப்பவும் தரையிலதான் உக்காருறேன், எழும்போது ஒரு கையைத் தரையில ஊன வேண்டியிருக்கு, அந்தத் தூக்கிவிட்ட பையன் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் பின்னாடிதான் நின்னான், கையை நீட்டிக்கிட்டு தயாரா இருந்தான், நான் "இரு தம்பி, பெலான் பெலான்"னு சொல்லிட்டு எழுந்தேன், அவனுக்கு என்ன சொன்னேன்னே புரியல.

இப்படிக்கு,
துறைமுகத்துல கிரேன் ஓட்டின ஒரு வாசகர்,
தோ பாயோ, சிங்கப்பூர்.